மாதிரிப் படகுக்கு என்.சி. சாண்டிங் சீலர்: ஒரு மதிப்பீடு

மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டிக் கட்டிய மாதிரிப் படகுக்கு வண்ணம் பூசும்போது, மரத்தின் நுண்துளைகள் பூச்சை உறிஞ்சிக்கொள்வதும், ஈரம்பட்ட மரநார்கள் நிமிர்ந்து சொரசொரப்பதும்தான் வழவழப்பைக் கெடுக்கின்றன. இவ்விரண்டுக்கும், தச்சர்கள் மேசை நாற்காலிகளுக்குப் பூசும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலரே, அதாவது தேய்த்து வழவழப்பாக்கும் அடிப்பூச்சே, போதும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் கலந்துள்ள, சோப்பு போல வழுக்கும் துத்தநாக ஸ்டியரேட் என்ற தூள்தான் இதன் சிறப்புக்குக் காரணம். நன்கு உலர்ந்த பூச்சின்மேல் 320 எண் உப்புத்தாளை இலேசாக ஓட்டினால், முகப்பவுடர் போல வெண்தூள் உதிர்கிறது, தாள் அடைத்துக்கொள்வதில்லை. தூளுக்குப் பதிலாகச் சிறு உருண்டைகள் திரண்டால், பூச்சு இன்னும் காயவில்லை என்று பொருள். ஏறக்குறைய சம அளவு தின்னர் கலந்து மெல்லியதாகப் பூசி, ஒரு மணி நேரமாவது விட்டுத் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். அதிகம் உறிஞ்சும் பால்சா என்ற இலேசான மரத்துக்குக் கூடுதல் பூச்சுகள் தேவைப்படும். நெருக்கமான இழையுள்ள லைம் (லிண்டன்) மரத்துக்குப் பெரும்பாலும் இரண்டே போதும்.

ஆனால் இது இடுக்குகளை நிரப்பும் பட்டி (putty) அன்று. கீற்றுகளுக்கிடையே உள்ள இடுக்குகளையும் மேடுபள்ளங்களையும் இது மறைக்கும் என்று நம்பி வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். அவற்றை மரப்பட்டியால் நிரப்பி, வளைந்துகொடுக்கும் மரச்சட்டத்தில் 120 எண் தாளை ஒட்டி, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்புறம்வரை நீண்ட இழுப்புகளாகத் தேய்த்துச் சமன்செய்த பிறகே சீலரின் டின்னைத் திறக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் படகின் உடல் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டால், கோடு அழியாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம் என்று உடனே தெரிந்துவிடும். விரல்நுனியால் தாளை அழுத்தித் தேய்த்தால் மென்மையான மரத்தில் புதிய பள்ளங்களே விழும்.

குறைகளும் உண்டு. மழைக்காலத்து ஈரக்காற்றில் பூசினால் மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடுகிறது. ஆகவே வெயிலடிக்கும் நாளில் பூசுவது நல்லது. நெடி கடுமையானது, எளிதில் தீப்பற்றவும் கூடியது. எனவே காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் வைத்தே பூச வேண்டும். இதன்மேல் எனாமல் தடையின்றிப் படிகிறது. லாக்கரோ அதிலுள்ள தின்னரால் சீலரைக் கரைத்துவிடக்கூடும்.

ரேடியோ கட்டுப்பாட்டில் நீரில் ஓடும் படகுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மெல்லிய கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்சிப் பிசினுமே ஏற்றவை. அலமாரியில் வைக்கும் அரை மீட்டர் நீளப் படகுக்கோ, கால் லிட்டர் சீலரும் அதே அளவு தின்னரும் தாராளம்.