அலாஸ்கா கப்பல் பயணம்: மே மாதத்துப் பால்கனியா, ஜூலை மாதத்து உள்ளறையா?

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "பால்கனி அறை எடுக்கணுமா, ஜன்னல் இல்லாத உள்ளறையே போதுமா?" என்பதுதான். இரண்டு முறை போய் வந்தவன் என்பதால் நான் திருப்பிக் கேட்பது, "எந்த மாசம் போறீங்க?"

காரணம் இருக்கிறது. ஒரே கப்பல், ஒரே தளம், ஒரே அறை எண். மே இரண்டாம் வாரத்தில் அதற்கு ஒரு விலை, ஜூலை இரண்டாம் வாரத்தில் வேறொரு விலை. இந்த இரண்டு விலைக்கும் நடுவே இருக்கும் தூரம், பல சமயம் உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நெருங்கிவிடுகிறது. மாதத்தை முடிவு செய்யாமல் அறையைப் பற்றி யோசித்தால் பாதிக் கணக்குதான் போட்டதாகும்.

கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை, கூட்டிக் கழிக்க வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் 7 இரவுப் பயணம். ஜூலையில் உள்ளறை தலைக்கு 1,000 டாலர், பால்கனி 1,700. மே மாதத்தில் உள்ளறை 600, பால்கனி 1,050. இருவர் போனால் ஜூலை உள்ளறைக்கு 2,000 டாலர், மே பால்கனிக்கு 2,100. நூறு டாலர்தான் வித்தியாசம். முதல் அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. இரண்டாவது அறையில் திரையை விலக்கினால் பனி மூடிய மலை.

இன்னொரு விஷயம், டிக்கெட் விலையை மட்டும் பார்த்து "பால்கனி 70 சதவீதம் அதிகம்" என்று பயப்பட வேண்டாம். அறை எதுவானாலும் மாறாத செலவுகள் நிறைய இருக்கின்றன. துறைமுகக் கட்டணமும் வரியும் எல்லோருக்கும் ஒன்றே. அலாஸ்கா மாநிலம் மட்டும் பெரிய கப்பல்களில் வரும் ஒவ்வொரு பயணியிடமும் 34.50 டாலர் வரி வாங்குகிறது. டிப்ஸும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் 2024 நவம்பரிலிருந்து சாதாரண அறைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர், சூட் (suite) எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு 21 டாலர். ஏழு நாளைக்கு, இருவருக்கு, 259 டாலர். வரி 400, கரையில் இறங்கிப் போகும் டூர்களுக்கு 800 என்று சேர்த்தால் ஜூலை உள்ளறையின் மொத்தச் செலவு சுமார் 3,460, ஜூலை பால்கனியின் செலவு 4,860. எழுபது சதவீதம் நாற்பதாகிவிட்டது. அதுவும் பெரிய தொகைதான், சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

விலை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் கட்டணம் எப்போதும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில் தலைக்குச் சொல்லப்படுவது. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு. 2024 ஜூலையில் கலிபோர்னியாவில் புதுச் சட்டம் வந்ததிலிருந்து பெரிய நிறுவனங்கள் அமெரிக்கத் தளங்களில் வரியையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. பழைய விலைகளோடு ஒப்பிடும்போது இது குழப்பும்.

அறைகள்

உள்ளறையைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். ஜூன் 21 வாக்கில் அலாஸ்காவின் ஜூனோ நகரத்தில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். இருட்டான உள்ளறையில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். பகலில் அறையில் யார் இருக்கப்போகிறார்கள்? பனியாறு பார்க்கவும் திமிங்கிலம் பார்க்கவும் மேல்தளம்தான் சரியான இடம், ஏனென்றால் அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். "வலப்பக்கம் திமிங்கிலம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது இடப்பக்கத்துப் பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ராயல் கரீபியனின் ஓவேஷன் ஆஃப் தி சீஸ் போன்ற குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளறைச் சுவரில் பெரிய திரை வைத்து, வெளியே இருக்கும் கடலை அப்படியே நேரலையில் காட்டுகிறார்கள். பால்கனிக்கு அது ஈடாகாது என்றாலும், காலையில் எழுந்தவுடன் வெளியே மழையா வெயிலா என்று தெரிந்துகொள்ளப் போதும்.

ஜன்னல் அறையில்தான் நான் சூடு பட்டுக்கொண்டேன். முதல் பயணத்தில் உள்ளறையைவிடக் கொஞ்சம் அதிகம், பால்கனியைவிட நிறையக் குறைவு என்று ஆசையாக எடுத்தோம். விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் "ஓரளவு மறைக்கப்பட்ட காட்சி" என்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனால், ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. ஏழு நாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவேற்பு மேசையில் கேட்டதற்கு, பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கிறோமே என்றார்கள். அது உண்மைதான், ஆனாலும் "ஓரளவு" என்ற அந்தச் சொல்லை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஜன்னல் அறை எடுப்பதாக இருந்தால் அறை எண்ணைக் கப்பலின் தள வரைபடத்தில் தேடி, உயிர்காப்புப் படகுகள் எங்கே தொங்குகின்றன என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். புதிய கப்பல்களில் ஜன்னல் அறைகளே குறைவு, அதனால் சில தேதிகளில் அவற்றின் விலை பால்கனியை ஒட்டி வந்துவிடும். அப்படி வரும்போது யோசிக்கவே வேண்டாம், பால்கனிதான்.

பால்கனி யாருக்கு என்று கேட்டால், நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு என்பேன். இரண்டாவது பயணத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப் போனோம். அம்மாவுக்கு மூட்டு வலி. கிளேசியர் பே என்ற கடல் குடாவைச் சூழ்ந்த தேசியப் பூங்காவுக்குள் கப்பல் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கரையிலும் ஒதுங்காது, யாரும் இறங்குவதில்லை. பூங்காக் காவலர்கள்தான் படகில் வந்து கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். பனிக்காற்றில் மேல்தளத்தில் அத்தனை நேரம் கூட்டத்தோடு நிற்க அம்மாவால் முடியாது. பால்கனியில் நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, குளிர்ந்தால் உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், அன்று முழுக்கப் பார்த்தார். அங்கிருக்கும் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் போல நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் எந்தப் பக்கத்து அறையாக இருந்தாலும் முறை வரும். ஆனால் கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்டிலோ விட்டியரிலோ இறங்கும் ஒருவழிப் பயணத்தில் பக்கம் முக்கியம். வடக்கே போகும்போது வலப்பக்கம், தெற்கே வரும்போது இடப்பக்கம், அதாவது கரை தெரியும் பக்கம்.

சூட் அறைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எண்ணிக்கை குறைவு, சீக்கிரமே விற்றுப்போகும், கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்தப் பணத்தில் ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின் மேல் இறங்கிவிட்டு வரலாம்.

அப்புறம், "எந்த அறை கிடைக்கிறதோ அது" என்ற ஒன்று உண்டு. வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், எண்ணை அவர்கள் பிறகு தருவார்கள். விலை குறையும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் கடல் வழியாகப் போகின்றன. அங்கே ஆட்டம் தெரியும். அதிர்ஷ்டமில்லாமல் முன்முனையில் உயரமான தளத்தில் அறை கிடைத்தால் இரண்டு நாள் படுக்கைதான். கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி என்று எண் பார்த்து எடுத்தால் அது உள்ளறையாக இருந்தாலும் நல்லது. வான்கூவரில் ஏறினால் தீவுகளுக்கு நடுவே போகும் வழி, கடல் அமைதியாக இருக்கும்.

மாதங்கள்

கப்பல்கள் ஏப்ரல் கடைசியில் வரத் தொடங்கி அக்டோபரில் விலகுகின்றன. விலை உச்சத்தில் இருப்பது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. அமெரிக்கப் பள்ளி விடுமுறைதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பம் அப்போதுதான் 17, 18 டிகிரியைத் தொடுகிறது, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நிறைந்திருக்கின்றன, சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறத் தொடங்கி அவற்றைத் தேடிக் கரடிகளும் வருகின்றன. தென் மாநிலங்களில் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே பள்ளி திறந்துவிடுவதால், அந்த மாதக் கடைசியில் விலை இறங்கும். வட மாநிலங்களில் பல இடங்களில் பள்ளி செப்டம்பரில்தான் திறக்கிறது. அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒன்றிரண்டு வாரங்கள் ஒரு வரம்.

விலை குறைந்த இரு முனைகள் மே மாதமும் செப்டம்பரும். இவற்றில் எது என்று கேட்டால் என் ஓட்டு மே மாதத்துக்கு. ஜூனோவில் செப்டம்பரில் பெய்யும் மழை, மே மாத மழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பகலும் மே நடுவில் கிட்டத்தட்ட 17 மணி நேரம், செப்டம்பர் நடுவில் 13 மணி நேரம்கூட இல்லை. பால்கனிக்குப் பணம் கொடுத்துவிட்டு மழைக்கும் இருட்டுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார யாருக்கு மனம் வரும்? மேயில் மலை உச்சிகள் முழுக்கப் பனி. ஸ்காக்வே துறைமுக ஊரில் தங்க வேட்டைக் காலத்தில் போட்ட வைட் பாஸ் ரயிலில் ஏறினால் பாதை ஓரத்திலும் பனி. ஹவாயிலிருந்து திமிங்கிலங்கள் வந்து சேர ஆரம்பித்திருக்கும். மலைப் பாதைகள் சில இன்னும் திறந்திருக்காது, கரடிகள் மீன் பிடிப்பதைப் பார்க்க முடியாது. நடக்கவும் ஏறவும் ஆசைப்படும் இளைஞர்களுக்கு இது குறைதான். செப்டம்பருக்குச் சாதகமாக இரண்டைச் சொல்வேன்: இலைகள் நிறம் மாறியிருக்கும், வானம் தெளிந்தால் வடதுருவ ஒளியும் தெரியலாம். ஆனால் வானம் தெளிய வேண்டுமே.

எந்த மாதமானாலும் அறையைப் பார்ப்பதற்கு முன் வழித்தடத்தைப் பாருங்கள். கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பெரும்பாலும் ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களே அங்கே போகின்றன. மற்றவை ஹப்பார்ட் பனியாற்றுக்கோ வேறு குடாக்களுக்கோ போகும். மலிவான பால்கனி ஒன்று கிடைத்து, அது பனியாறே இல்லாத வழித்தடமாக இருந்தால் அந்த மலிவில் அர்த்தமில்லை.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்கள் ஜூலையில்தான் போக முடியும். அவர்களுக்கு நான் சொல்வது உள்ளறை, அதுவும் முடிந்தால் இரண்டு உள்ளறைகள். நான்கு பேர் ஒரே அறையில், மேலிருந்து இறங்கும் படுக்கைகளோடு, ஒரே குளியலறையில் காலையில் டூருக்குக் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால், பெற்றோருக்குப் பால்கனி, நேர் எதிரே பிள்ளைகளுக்கு உள்ளறை. பகலில் எல்லோரும் பால்கனியில்தான் இருப்பார்கள். பதிவு செய்யும்போது ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயரைப் போடச் சொல்வார்கள், சாவியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் விசாவை மறந்துவிடாதீர்கள். 1886ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டத்தால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் சியாட்டிலிலிருந்து கிளம்பினால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்காக, இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும். ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. எந்த அறை எடுத்தாலும் இது மாறாது. மே பயணம் என்றால் நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

முன்பணம் கட்டியதோடு விலையை மறந்துவிடவும் கூடாது. முழுத் தொகை கட்ட வேண்டிய தேதி, பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் வரும். அதுவரை விலை இறங்கினால் பல நிறுவனங்கள் புது விலைக்கு மாற்றித் தருகின்றன, நாம் கேட்டால். ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் சலுகைகளை அள்ளிவிடும் காலம், அதனால் மே பயணத்துக்கு ஜனவரி முழுக்கக் கவனமாகப் பார்க்க வேண்டும். அம்மா அப்பாவின் அறைக்கு ஜனவரி மூன்றாம் வாரத்தில் விலை இறங்கியது. இருபது நிமிடம் போனில் காத்திருந்து மாற்றினேன். மிச்சமான பணத்தில் ஜூனோவில் இரண்டு பேருக்கும் திமிங்கிலம் பார்க்கும் படகுக்கு டிக்கெட் எடுத்தோம்.