சித்திரையில் உளுந்து, மாசியில் புளி: கும்பகோணத்துப் பழைய மளிகைக் கடை ஒன்று

கும்பகோணம் பெரிய கடைத்தெருப் பக்கம், வாசலிலேயே மூட்டைகளை அடுக்கி வைத்து விற்கிற ஒரு பழைய மளிகைக் கடையில் ரெண்டு வருஷமாக வாங்குகிறேன். அதற்கு முன்பு பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில்தான் மாதச் சாமான். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் 'பண்டிகைச் சலுகை' என்று ஒட்டியிருந்த கடலை மாவு, எண்ணெய் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, வீட்டில் பழைய பில்லோடு ஒத்துப் பார்த்தால், கடலை மாவு ஆவணியில் வாங்கியதைவிடக் கிலோவுக்கு 18 ரூபாய் கூட. அந்த ஆத்திரத்தில்தான் கடையை மாற்றினேன்.

இங்கே எதை எப்போது வாங்கலாம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். போன தை மாதம் பத்து கிலோ உளுந்து கேட்டேன். "அக்கா, இப்ப ஒரு கிலோ போதும், சித்திரையில நம்ம பக்கத்து உளுந்து வந்துடும், அப்ப வாங்க" என்றார் கடைக்கார அண்ணன். கையில் காசோடு நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்? சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே நம் பக்கம் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அது மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி, சித்திரையில் கைக்கு வரும்.

சித்திரையில் போனேன். மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிக் கொடுத்து, கடித்துப் பார்க்கச் சொன்னார். சட்டென்று இரண்டாக உடைந்தால் நன்றாகக் காய்ந்தது, பல்லில் அமுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். தையில் சொன்ன விலையைவிடக் கிலோவுக்கு 22 ரூபாய் குறைவு. தோல் உளுந்து, ஊறவைத்துக் கழுவி எடுக்கிற வேலை இருக்கிறது, ஆனால் மாவு அப்படிக் காணுகிறது! முன்பு போட்டதில் முக்கால் பங்கு போட்டாலே இட்லி பஞ்சாக வருகிறது.

புளி, மிளகாய், மல்லி மூன்றும் மாசி, பங்குனியில் புதுசாக வரும்போதே வருஷத்துக்கு வாங்கிவிடுகிறேன். அப்போது மொட்டை மாடி வெயிலும் இலவசம். புளியைக் கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு, ஆனால் கொட்டையும் எடையில்தான் சேரும், அதனால் கொட்டை எடுத்த புளி விலையையும் கேட்டு, கணக்குப் போட்டு வாங்குங்கள். அரிசியும் அப்படித்தான். சம்பா அறுவடை முடிந்ததும் வருகிற புது அரிசி குழையும், அதனால் பழைய அரிசியைவிட மலிவு. இடம் இருந்தால் வாங்கிப் போட்டு ஆடி வரைக்கும் வையுங்கள். வெல்லம், பொங்கலுக்கு வேண்டிய அளவு மட்டும் முன்னால், மீதி பொங்கல் கழிந்த வாரம்.

காய்கறிக்கு இந்தக் கடை இல்லை, தாராசுரம் மார்க்கெட்டுக்குத்தான் போகணும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, வாழை இலையும் வாழைக்காயும் விலை இறங்கும். புரட்டாசியில் சைவம் கூடுவதால் காய் விலை ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி கிட்டவே போக முடியாது, அப்போது கோடையில் போட்ட கத்தரி வற்றலும் மாங்காய் வற்றலும்தான் எங்கள் வீட்டுக் குழம்பு.

குறையும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். கையால் சீட்டு எழுதித்தான் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் போனால் முக்கால் மணி நேரம் நிற்கணும். சோப்பு, பிஸ்கட், சேமியா எல்லாம் அட்டையில் போட்ட விலைதான், அதற்காக இவ்வளவு தூரம் வராதீர்கள். முந்திரி எனக்குத் திருப்தி இல்லை, உடைசல் நிறைய.

வார நாளில் காலை பத்து மணிக்குள் போங்கள். கெட்டியான துணிப்பை ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கொடுக்கிற காகிதப் பை பத்து கிலோ உளுந்தைத் தாங்காது.