"எல்லாம் வெல்ட் பண்ணியாச்சுண்ணே" என்றான், 380 வெள்ளி போச்சு

சுங்கை சிப்புட் பக்கம் ஸ்டிக்கர் வெட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசு அனுப்புங்கள். கைப்பேசி ஆப் ஒன்றில் டிசைன் விற்கிற ஆளிடம், மெஷினில் அப்படியே வெட்டலாம் என்கிற "கட்டிங் ரெடி" ஃபைல் வாங்கியது 120 வெள்ளி. அதை நம்பி வெட்டி வீணான சிவப்பு வினைல் ஸ்டிக்கர் தாளும், வெட்டின எழுத்தைத் தூக்கி ஒட்டுகிற டிரான்ஸ்ஃபர் டேப்பும் 260. ஆகமொத்தம் 380. தோட்டத்துக் கோயில் வேனுக்கு ஆடித் திருவிழாவுக்குள் ஒட்ட வேண்டிய எழுத்து. வெட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

"எழுத்தெல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்கா?" என்று கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "எல்லாம் வெல்ட் பண்ணியாச்சுண்ணே, அப்படியே கட்டருக்கு அனுப்புங்க." வெல்ட் என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் உருவங்களை ஒரே உருவமாகச் சேர்ப்பது. குரலில் ஒரு தயக்கமும் இல்லை. ஃபைலைத் திறந்தால் 'ஸ்ரீ மகா மாரியம்மன்' பளிச்சென்ற சிவப்பில், ஒரே துண்டு போலத்தான் தெரிந்தது. அங்கேதான் ஏமாந்தது. ஒரே நிறத்தை நிரப்பிவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் பத்து உருவமும் ஒன்றாகத்தான் தெரியும். வெட்டும் கத்திக்கு நிறம் தெரியாது, கோடுதான் தெரியும்.

அவன் செய்திருந்தது வெறும் குரூப். குரூப் என்பது சாமான்களை ஒரே பையில் போடுகிற மாதிரி, எதுவும் எதோடும் ஒட்டாது. பழைய ஃபான்டில் அடித்திருக்கிறான். அதில் 'ரி'யின் கொக்கி தனி உருவம், 'ர' தனி உருவம். இரண்டும் ஏறிக்கிடக்கும் இடத்தில் இரண்டின் கோட்டையும் கத்தி வெட்டியது. வேண்டாத வினைலை உரிக்கும்போது கொக்கி தனியாகக் கையோடு வந்தது. 'ஸ்ரீ' மூன்று துண்டு!

பூ பார்டர் இன்னும் மோசம். ஒவ்வோர் இதழும் அச்சு அசலாக இரண்டு தடவை, ஒன்றின்மேல் ஒன்று. கத்தி அதே கோட்டில் இரண்டு முறை ஓடி அடித்தாளையும் அறுத்துவிட்டது. ஊசியால் தூக்கினால் வினைல் தாளோடு சேர்ந்து வருகிறது. பிறகு அந்த எழுத்து கனம்: ஓரத்தைச் சுற்றி 4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (தடித்த கோடு) வைத்துத் திரையில் தடிமனாகக் காட்டியிருக்கிறான். கத்தி ஸ்ட்ரோக்கின் நடுக்கோட்டில்தான் போகும், பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் காணாமல் போனது.

புகார் சொன்னதும் முதல் பதில்: "பிளேடு மழுங்கியிருக்கும்." இரண்டாவது: "உங்க ஆஃப்செட் சரியில்ல." ஆஃப்செட் என்பது கத்தி முனை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்கிற அளவு. அது தப்பினால் மூலை உருண்டு போகும், எழுத்தின் வயிற்றில் கோடு விழாது! படம் எடுத்து அனுப்பினேன். "இருங்க, கம்பைன் பண்ணித் தரேன்" என்று வேறு ஃபைல் அனுப்பினான். அதைத் திறந்தால் கொக்கி ஏறிக்கிடந்த இடத்தில் ஓட்டை. கம்பைன் வேறு, வெல்ட் வேறு என்பதுகூடத் தெரியாதவனுக்கு 120 வெள்ளி. கம்பைன் ஒரே பாத் (கத்தி போகும் கோடு) ஆக்கும், உள்ளே குறுக்கிடும் கோடு அப்படியே இருக்கும். கோரல், இங்க்ஸ்கேப் இரண்டும் வரையும் மென்பொருள்; கோரலில் வெல்ட், இங்க்ஸ்கேப்பில் யூனியன், இவைதான் அந்தக் கோட்டை அழிக்கும்.

அதற்கப்புறம் நீல டிக் மட்டும். ஆப்காரர்கள், ஃபைலை இறக்கிவிட்டதால் ஆர்டர் முடிந்தது, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ, 5 வெள்ளிதான் கட்டணம் என்கிறார்கள் சிலர். அது சொந்த உபயோகத்துக்கு வாங்கினவர்களுக்கு, தொழிலுக்கு வாங்கினவனுக்கு இல்லை. 380 வெள்ளி!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை, வேன் நாளைக் காலை வருகிறது. ஃபைல் வந்ததும் நிறமில்லாமல் கோடு மட்டும் தெரிகிற மாதிரி பாருங்கள்: இங்க்ஸ்கேப்பில் அவுட்லைன் மோட், கோரலில் வயர்ஃப்ரேம். எழுத்துக்குள் கோடு குறுக்கே போனால் வாங்காதீர்கள். ஒரு இதழைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருக்கும். நீங்களே சரிசெய்வதானால் இங்க்ஸ்கேப் மெனுவில் இந்த வரிசை: ஸ்ட்ரோக் இருந்தால் முதலில் ஸ்ட்ரோக் டு பாத், எழுத்து என்றால் ஆப்ஜெக்ட் டு பாத், அன்குரூப், அப்புறம் யூனியன். இப்படி மாற்றுவதற்கு முன், எழுத்துப்பிழை திருத்த ஒரு காப்பி தனியே வையுங்கள். முழு ரோலையும் ஓட்டாமல் 'ரி' ஒன்றை மட்டும் துண்டு வினைலில் வெட்டிப் பாருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.