ரூல்மான் பாணியில் ஓர் எழுதுமேசை: பொள்ளாச்சிப் பட்டறை பற்றிய மதிப்பீடு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் சாலையில், பெயர்ப்பலகை இல்லாமல் இயங்கும் ஒரு தச்சுப் பட்டறையில் செய்து வாங்கிய எழுதுமேசையைப் பற்றியது இம்மதிப்பீடு. பாரிஸில் 1879-இல் பிறந்து 1933-இல் மறைந்த எமில் ஜாக் ரூல்மான் வடிவமைத்த மேசைகளின் படங்களைக் காட்டி, அதே வடிவ ஒழுங்கில், நம் பக்கத்து மரங்களைக் கொண்டு ஒன்று செய்து தர இயலுமா என்று கேட்டேன். பட்டறையை நடத்தும் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "காலுதானுங்க இதுல கஷ்டம், மத்ததெல்லாம் பொறுமை இருந்தாப் போதும்" என்றார்.

ரூல்மான் உளி பிடித்த தச்சர் அல்லர். தந்தையின் தொழிலை ஏற்று நடத்தியவர், அறைகலன்களை வரைந்து, தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தார். 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவருடைய அரங்கு பெரும்புகழ் பெற்றது. இந்தூர் அரசர் யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் மாணிக் பாக் அரண்மனைக்கும் அவருடைய மேசை வந்து சேர்ந்தது. சீர்வரிசைக் கட்டிலின் தலைமாடு முழுவதும் மயிலும் கொடியும் செதுக்குவதையே உயர்ந்த வேலைப்பாடு என்று எண்ணிப் பழகிய நமக்கு, அவருடைய பொருள்கள் முதலில் வெறுமையாகவே தோன்றும். மரத்தின் ரேகை, அதன்மேல் மயிரிழை போன்ற ஒரு தந்தக் கோடு, பிசகில்லாத வளைவு ஆகியவற்றைத் தவிர அவற்றில் அலங்காரம் மிகக் குறைவு. ஆகவே, சிறு குறையையும் மறைக்க அங்கு இடமில்லை.

அவர் விரும்பிக் கையாண்ட மரம், சுலவேசித் தீவின் மக்காசர் கருங்காலி. அதற்கு ஈடாக இங்கு ஈட்டி மரம் பயன்பட்டது, உட்கூடு தேக்கு. தந்த வணிகம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதால் மட்டுமன்றி, யானைகள் வாழும் மலையடிவாரத்தில் அதை நினைப்பதே தகாது என்பதாலும், கோடுகளுக்கு மஞ்சக்கடம்பைப் பரிந்துரைத்தார் பெரியவர். ஈட்டியின் கருஞ்சிவப்பில் அந்த வெளிர்மஞ்சள் மிக அழகாக எடுத்து நிற்கிறது. மரம் வாங்கிய ரசீதுகளை அவர் தாமாகவே எடுத்துக் காட்டியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனைமலைத் தேக்குக் காடுகளை மறுபடி தழைக்கச் செய்த வன அதிகாரி ஹியூகோ வுட் மறைந்ததும் ரூல்மான் மறைந்த அதே 1933-இல்தான்.

மேற்பரப்பு முழுப் பலகை அன்று. தேக்கின்மேல் மெல்லிய ஈட்டித் தகடு ஒட்டியது. வெனீர் என்றாலே ஏமாற்று வேலை என்று நம்மில் பலர் கருதுகிறோம். பிளைவுட் கடைகள் ஏற்படுத்திய எண்ணம் அது. ஆனால் மரம் ஈரத்தை வாங்கும்போது ரேகைக்குக் குறுக்கே விரிந்து, வறட்சியில் சுருங்கும் இயல்புடையது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசி, பங்குனியில் காற்று வறண்டுவிடும் நம் பகுதியில், அகலமான ஒற்றைப் பலகை வளையாமல் இருப்பது அரிது. குறுகிய தேக்குச் சட்டங்களைச் சேர்த்து, அதன்மேல் ரேகை குறுக்காக ஓடும் ஓர் அடுக்கு, அதற்கும் மேல் ஈட்டித் தகடு என வைத்து, அடிப்பக்கத்திலும் அதே கனத்தில் அடுக்குகளை ஒட்டினால் இருபுறத்து இழுவிசையும் சமமாகிப் பரப்பு நிலைத்து நிற்கும். இப்பட்டறை அதை அப்படியே செய்திருக்கிறது. கண்ணில் படாத அடிப்பக்கத்திலும் ஒரு மேடு பள்ளம் இல்லை. ஒட்டுவதற்குப் பழைய வஜ்ஜிரப் பசையையே காய்ச்சிப் பயன்படுத்துகிறார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகும் என்பதால், பின்னாளில் தகட்டைப் பெயர்த்துப் பழுது பார்க்க முடியும்.

பெரியவர் முன்னரே சொன்னதுபோல், கால்கள்தாம் இந்த மேசையின் உயிர். மேலே பருத்து, பட்டை பட்டையாக இறங்கி, கீழே மெலியும் அந்த வடிவம் நூற்பாலைக் கதிரை ஒத்தது. பட்டைகளைக் கடைசல் இயந்திரத்தில் எடுக்க முடியாது. இழைப்புளியால் ஒவ்வொன்றாக இழைத்திருக்கிறார்கள். நான்கு கால்களையும் சுற்றிவந்து விரலால் தடவிப் பார்த்தேன். பட்டைகளின் விளிம்பு எங்கும் மழுங்கவில்லை.

குறைகளும் உண்டு. இழுப்பறையின் பூட்டு மலிவானது, இத்தகைய வேலைக்குச் சற்றும் பொருந்தாதது. நல்ல பித்தளைப் பூட்டை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது மேல். சொன்ன தவணையில் வேலை முடியவில்லை, தாமதத்தை முன்கூட்டியே தெரிவிக்கவும் இல்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசும் பிரெஞ்ச் பாலிஷ் கண்ணாடிபோல் மின்னினாலும், சூடான காபித் தம்ளரை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதை வாங்குவோருக்கு அவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைவீதியில் கிடைக்கும் தேக்கு மேசையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. கைவேலைக்கு அது தகும் என்றே கருதுகிறேன். வேலை கொடுக்க விரும்புவோர் காலின் வடிவத்தை முழு அளவில் தாளில் வரைந்து கொண்டு செல்வது நல்லது. கைபேசிப் படத்தை மட்டும் நம்பினால் கால்கள் தடித்துப் போக வாய்ப்புண்டு.