ஹைஸ்மனா, ஸ்டாக்கா, யார் பெரிய பயிற்சியாளர்?

அமெரிக்க ஃபுட்பாலின் தொடக்ககாலப் பயிற்சியாளர்களில் இந்த இருவரும் 1890களில் சின்னக் கல்லூரிகளில் தொடங்கியவர்கள்தான், ஆனால் போன வழி வேறு. ஜான் ஹைஸ்மன் 1892இல் ஓபர்லினில் தொடங்கி, ஆபர்ன், கிளெம்சன், ஜார்ஜியா டெக் என மொத்தம் 8 கல்லூரிகளுக்கு மாறினார். பந்தை முன்னோக்கி எறிவதைச் சட்டபூர்வமாக்கச் சொல்லி விடாமல் வாதாடினார், 1906இல் அது நடந்தது. இன்றைய ஆட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனாலும் 1916இல் கம்பர்லேண்ட் கல்லூரி அணியை அவருடைய ஜார்ஜியா டெக் அணி 222-0 என்று நசுக்கியதை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் தொடங்கிய அமோஸ் அலோன்சோ ஸ்டாக், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மட்டும் 41 சீசன். எழுபது வயதில் அங்கே ஓய்வு கொடுத்தார்கள். சரி போதும் என்று உட்காராமல் பசிபிக் என்ற சிறிய கல்லூரிக்குப் போய் இன்னும் 14 சீசன் பயிற்சி கொடுத்தார் மனிதர். என் ஓட்டு ஸ்டாக்குக்கே.