அலுவலக அச்சுப்பொறி: எந்த இணைப்பு, எந்த முகவரி, எந்த போர்ட்?

திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வந்தவுடன் பெரும்பாலோர் அச்சுப்பொறியைத்தான் அணைத்துப் போடுகிறார்கள். காகிதமும் டோனரும் இருந்து, பொறியின் முகப்பிலும் ‘தயார்’ என்று தெரிந்தால், கோளாறு அநேகமாகப் பொறியில் இல்லை; கணினி அதைத் தேடிச் செல்லும் வழியில் இருக்கிறது. அந்த வழியை எப்படி அமைப்பது என்பதில் சில மாற்றுகள் உண்டு. அவற்றின் பெயர்கள் பயனர்களை மிரட்டும் அளவுக்கு, அவற்றுக்கிடையிலான வேறுபாடு கடினமானதல்ல.

முதலில் இணைப்பு. யூஎஸ்பி கேபிள் ஒரே கணினிக்கு ஏற்றது; யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதோடு, அந்தக் கணினி அணைந்திருந்தால் அதன் வழியாகப் பகிர்ந்துகொண்ட மற்றவர்களாலும் அச்சிட முடியாது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை செல்லும். அச்சுப்பொறியே வலையமைப்பின் தனி உறுப்பினராகிவிடுவதால் அது எந்தக் கணினியையும் நம்பியிருப்பதில்லை. வைஃபையில் கேபிள் இழுக்கும் வேலை மிச்சம். ஆனால், கடவுச்சொல்லை மாற்றிய மறுநாளே அச்சுப்பொறி காணாமல் போகும், பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். நகர்த்தத் தேவையில்லாத ஒரு பொறிக்கு வைஃபை எதற்கு என்பது என் கேள்வி. சுவரில் ஈதர்நெட் முனை இருக்குமானால் அதையே பயன்படுத்தலாம்.

அடுத்தது முகவரி. அன்றாடத் தொல்லைகளில் பாதிக்கு மேல் பிறப்பது இங்கேதான் என்பது என் அனுபவம். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.40 என்பது போன்ற ஓர் ஐபி முகவரி வேண்டும். ரௌட்டரில் இருக்கும் டிஹெச்சிபி சேவை அதைத் தானாக வழங்குகிறது. ஆனால் கொடையாக அல்ல, குத்தகையாக. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நீண்ட விடுமுறைக்கு அச்சுப்பொறியை அணைத்துவிட்டுப் போனோம். குத்தகை முடிந்து, அதன் முகவரி யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது அச்சுப்பொறி வேறு முகவரியில் சாவதானமாக உட்கார்ந்திருக்க, எங்கள் கணினிகள் அந்தக் கைபேசிக்கு விலைப்பட்டியல்களை அனுப்ப முயன்று, வரிசையில் 14 ஆவணங்களைத் தேக்கி வைத்திருந்தன.

இதற்கு மாற்றாகப் பலர் செய்வது, பொறியின் மெனுவிலேயே நிலையான முகவரியைக் கையால் எழுதிவிடுவது. இது வேலை செய்யும். ஆனால், அந்த எண் டிஹெச்சிபி வழங்கும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையேல் ரௌட்டர் அதே எண்ணை இன்னொரு கருவிக்கும் கொடுத்து, இரண்டும் மோதிக்கொள்ளும். ரௌட்டரை மாற்றி, புதியது 192.168.0 என்ற வரிசையில் முகவரி தருமானால், கையால் எழுதிய பழைய எண்ணோடு பொறி தனித்து நின்றுவிடும்.

மூன்றாவது வழி முன்பதிவு: அச்சுப்பொறியின் மேக் முகவரியை, அதாவது தயாரிப்பிலேயே அதன் இணைப்புக்குத் தரப்படும் அடையாள எண்ணை, ரௌட்டரில் பதிந்து, இந்தப் பொறிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று சொல்லிவிடுவது. கணக்கு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதால் இதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு பொறி மட்டும் உண்டு, அதாவது கண்ணி: ஒரே அச்சுப்பொறியின் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் பொதுவாக வெவ்வேறு மேக் முகவரிகள் இருக்கும். தவறானதைப் பதிந்துவிட்டு முன்பதிவு வேலை செய்யவில்லை என்று ரௌட்டரைத் திட்டுவோர் பலர். எந்த வழியைத் தேர்ந்தாலும், பொறியிலிருந்து அமைப்புப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வராமல் பொறி தனக்குத் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது சோதிக்க வேண்டியது கேபிளையும் ரௌட்டரையும்தான்.

அடுத்து போர்ட், அதாவது கணினி அச்சு வேலையை அனுப்பும் வழி. விண்டோஸில் அச்சுப்பொறியைச் சேர்க்கும்போது அது தானாகவே தேடிப்பிடித்து, டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டை அமைத்துவிடுவதுண்டு. நிறுவும்போது சுகம், பிறகு அந்தத் தேடல் தவறினால் ‘ஆஃப்லைன்’. டிசிபி/ஐபி போர்ட்டோ நீங்கள் தந்த முகவரிக்கே நேராகச் செல்கிறது. முகவரியை மேற்சொன்னபடி நிலைப்படுத்தியவர்களுக்கு இதுவே உறுதியானது. பொறி பிங்குக்கு (கருவி வலையமைப்பில் இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) பதில் தந்தும் விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்றே அடம்பிடித்தால், இந்தப் போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை அறிதலை (பொறியின் நிலையை விண்டோஸ் கேட்டறியும் வசதி) நீக்கிப் பார்க்கலாம்; பல நேரங்களில் அதுவே தீர்வு.

பொறிக்குத் தரவை அனுப்பும் நெறிமுறைகளிலும் மூன்று உள்ளன; ஒவ்வொன்றும் தனக்கென ஒரு போர்ட் எண்ணில் இயங்கும். 9100ஆம் எண்ணில் இயங்கும் ‘ரா’, தரவை அப்படியே கொட்டிவிடும்: வேகமானது, எளிமையானது, மறையாக்கம் (இடையில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாதது. 515இல் இயங்கும் எல்பிஆர், 1990இல் ஆவணப்படுத்தப்பட்ட பழைய முறை. அதில் வரிசையின் பெயரையும் சரியாகத் தர வேண்டும் என்பதால், பழைய கணினி அமைப்புகள் கேட்டாலொழிய அதைத் தொட வேண்டியதில்லை. 631இல் இயங்கும் ஐபிபி, வலைப்பக்கங்களை ஏற்றும் ஹெச்டிடிபியின் மேல் கட்டப்பட்டது. இருபக்க அச்சு உண்டா, எந்தத் தட்டில் என்ன காகிதம் என்று பொறியிடமே கேட்டறியும், மறையாக்கமும் சாத்தியம். 2010இல் வந்த, ஆப்பிளின் அச்சிடும் வசதியான ஏர்பிரிண்ட் இதன் மேல்தான் இயங்குகிறது. தனி டிரைவர் (பொறியோடு பேச உதவும் மென்பொருள்) இல்லாமல் கைபேசியிலிருந்து அச்சிட முடிவதும் அதனால்தான். புதிய பொறியென்றால் ஐபிபி, பழையதென்றால் ‘ரா’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

பக்கத்தைப் பொறிக்கு விவரிக்கும் மொழிகள் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்றவை; டிரைவரில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கடிதங்களுக்கும் கணக்குத் தாள்களுக்கும் பிசிஎல் போதும்; வடிவமைப்பு வேலைக்கும் அச்சகத்துக்குச் செல்லும் கோப்புகளுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் உகந்தது. பொறிக்குத் தெரியாத மொழியில் அனுப்பினால், ஒரு பக்கக் கடிதம் புரியாத குறியீடுகளாக ஐம்பது பக்கத்துக்கு ஓடும். அந்த நேரத்தில் காகிதத் தட்டை உருவிவிட்டு, கணினியின் அச்சு வரிசையில் இருக்கும் அந்த ஆவணத்தை நீக்குங்கள். பொறியை மட்டும் அணைத்தால், திரும்ப இயக்கியதும் அது விட்ட இடத்திலிருந்தே மீண்டும் அச்சிடத் தொடங்கக்கூடும்.