தேள் பிரமாதம், கழுகு பரவாயில்லை, ஆடு வேண்டாம்

முப்பது வருடம் அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்தி ஓய்வு பெற்றவன் நான். பழங்கால வெண்கல முத்திரைகளின் நகல், மூன்று கொண்ட செட், ஆன்லைனில் கண்ணில் பட்டதும் கை சும்மா இருக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த சீட்டில் ‘சிந்துவெளி முத்திரைகள்’ என்று போட்டிருந்தது. தப்பு. சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் மாக்கல்லில் செதுக்கிய சதுரங்கள். இவை துர்க்மெனிஸ்தான், வட ஆப்கானிஸ்தான் பக்கம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் புழங்கியவற்றின் சாயல். தொல்லியலாளர் விக்டர் சரியானிதி துர்க்மெனிஸ்தானில் அகழ்ந்த கோனூர் தேப்பே என்ற பழைய ஊரில் இந்த வகை கிடைத்திருக்கிறது. அதே கோனூரில் யானையும் சிந்து எழுத்தும் பொறித்த ஒரு முத்திரையும் கிடைத்தது. சீட்டு எழுதியவர் அதில் குழம்பினாரோ என்னவோ.

சரி, பொருளுக்கு வருகிறேன். தேள்தான் செட்டின் உயிர். படத்தைச் செதுக்காமல், மெல்லிய சுவர்களால் அறை அறையாகப் பிரித்து வார்த்திருக்கிறார்கள், அசலும் அப்படித்தான். ஈரக் களிமண்ணில் அழுத்தினேன். சுவர்கள் கோடாகப் பதிந்தன, அறைகள் இருந்த இடமெல்லாம் மெத்தென்று மேடாக எழும்பியது. கொடுக்கு வளைந்து விளிம்பைத் தொடும் இடம்கூடப் பிசிறில்லாமல் விழுந்தது. மாக்கல் முத்திரையில் மிருகம் உடம்போடு புடைத்து நிற்கும். இதில் நாலு கோட்டில் தேள் ஊர்கிறது. அன்றைக்கு மட்டும் பதினாறு தேள் குத்தினேன்.

இறக்கை விரித்த கழுகும் மோசமில்லை. ஆனால் பச்சைக் களிம்பு என்று நினைத்தது வெறும் பெயின்ட். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டைப் பற்றி என்ன சொல்ல! சுவர்கள் தடிமன், அறைகள் குறுகல். கொம்புக்கு இடையில் மண் சிக்கி, குண்டூசியால் நோண்ட வேண்டியிருந்தது. எண்ணெய் தடவியும் பலனில்லை. மூன்றாவது அழுத்தலில் முதுகுப்புறக் காது கழன்று கையோடு வந்துவிட்டது. கயிறு கோப்பதற்கான அந்தக் காதை உடம்போடு சேர்த்து வார்க்காமல் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். விற்றவருக்கு எழுதினேன். “இது அலங்காரப் பொருள், அழுத்திப் பார்க்கக் கூடாது” என்று பதில். முத்திரையை அழுத்தாமல் வேறென்ன செய்வதாம்?

தேளுக்கு ஐந்து நட்சத்திரம், கழுகுக்கு மூன்று, ஆட்டுக்கு ஒன்று. இரட்டைத் திமில் ஒட்டகம் தனியாக வந்தால் வாங்குவேன். காதை முதலில் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான்.